முட்டை அட்டையா, பாட்டிலா, கல்யாணப் பத்திரிகையா? பிள்ளைகளோடு விலங்கு பொம்மை செய்ய எது தோது?

வீட்டில் மிஞ்சுவதை வைத்து விலங்கு பொம்மை செய்யலாம் என்றதும் பலரும் கையில் எடுப்பது காலி தண்ணீர் பாட்டிலைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசி இடத்துக்கு வர வேண்டியது. நான் பார்ப்பது ஒரே கணக்கு: வேலையில் பிள்ளையின் கை எவ்வளவு, நம் கை எவ்வளவு?

பாட்டிலில் முதல் வேலையே கத்தி வேலை. அதைப் பெரியவர்தான் செய்தாக வேண்டும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், சுற்றி டேப் ஒட்ட வேண்டும். வாட்டர் கலர் அடித்தால் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். வெள்ளைப் பசையும் காய்ந்ததும் ஓடு மாதிரிப் பெயர்ந்து வந்துவிடும். கடைசியில் அப்பா செய்த யானையைப் பிள்ளை வேடிக்கை பார்த்ததாக முடியும். பாட்டிலுக்கு என்று ஒரு பெருமை உண்டு: மூடி போட்ட பாட்டில் ஆமை பக்கெட் தண்ணீரில் மிதக்கும். முட்டை அட்டைக்கும் பத்திரிகைக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

முட்டை அட்டை அப்படியே எதிர். முப்பது முட்டை அட்டையில் ஒரு வரிசைக் குழிகளைக் கத்தரித்துக் கவிழ்த்தால் கம்பளிப்பூச்சி தயார். ஒற்றைக் குழி ஆமை ஆகும். குழிகளுக்கு நடுவே கூம்பாக நிற்கிறதே, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. காகத்துக்கு அலகும் நரிக்கு மூக்கும் அதிலேயே இருக்கின்றன. சொரசொரப்பாக இருப்பதால் பெயின்ட்டும் பசையும் நன்றாகப் பிடிக்கும். வெட்டுகிற இடத்தில் தண்ணீர் தொட்டுத் தடவினால் சின்னக் கத்தரிக்கோலுக்கும் வழிவிடும்.

கிழிந்து போனாலும் நஷ்டமில்லை. ராத்திரி ஊறவைத்துப் பிசைந்து மைதா பசை சேர்த்தால் கூழ். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் காகிதக் கூழ் உண்டு. கனமாகப் பிடித்தால் உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும், ஆகவே மழைக்காலத்தில் கூழ் வேலை வேண்டாம். பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது விஷம். அட்டையில் கோழி எச்சம் ஒட்டியிருக்கும். கறை இல்லாததாக எடுத்து, வெயிலில் காயவைத்துவிட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

கல்யாணப் பத்திரிகைக்கு இதில் நல்ல இடம் உண்டு. கெட்டி அட்டை, வண்ணமும் தங்க வேலையும் ஏற்கெனவே இருக்கும். வழவழப்பான பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா காயாமல் தேய்ந்துபோகும் என்பது மட்டும் குறை. ஆட்டின் உடம்பையும் தலையையும் ஒரே துண்டாக வெட்டி, கீழே துணி கிளிப் இரண்டைக் குத்தினால் நான்கு காலில் நிற்கும், பசையே வேண்டாம். கிளிப்பைப் பிதுக்கிப் பிதுக்கி மாட்டுவது சின்ன விரல்களுக்கு நல்ல பயிற்சி. கழுத்தை நீட்டினால் ஒட்டகச்சிவிங்கி, ஆனால் முன்கால் கிளிப்பைக் கொஞ்சம் முன்னே தள்ளாவிட்டால் குப்புற விழும். எதனால் விழுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளையார் படம் போட்ட பக்கத்தை வெட்ட யாருக்கும் மனசு வராது, அதை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

கொட்டாங்குச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண் இருக்கும் பாதியைத் திருப்பினால் குரங்கு முகம் தானாகவே வந்துவிடும், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் பொறுமை வேண்டும். பத்து வயதுக்கு மேல் என்றால் சரி.

என் வரிசை இது: நான்கு, ஐந்து வயதுக்கு முட்டை அட்டை, ஆறிலிருந்து பத்திரிகையும் கிளிப்பும். அப்புறம், கண்ணுக்காகக் கடையில் உருளும் முழி வாங்க வேண்டாம். கழன்று விழுந்தால் வீட்டில் இருக்கும் கைக்குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். கருப்பு ஸ்கெட்ச் பேனா புள்ளியே போதும். பத்திரிகை ஆட்டுக்கு மட்டும் ஸ்டிக்கர் பொட்டு.