கிளிப்-ஆன் ஏரோ பார்: எந்த ரேஸுக்கு ஆகும், எதற்கு ஆகாது

ஆன்லைனில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய அலுமினிய ஏரோ பார், அதாவது காற்றுத் தடையைக் குறைக்க முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்காகச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டுகிற, முன்னால் நீளும் கம்பி ஜோடி. பிராண்டு பெயர் வேண்டாம், இதே சரக்கு நாலைந்து பெயரில் விற்கிறது. டைம் ட்ரையல், அதாவது தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் ரேஸ் ஓட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம், மற்ற ரோடு ரேஸுக்கு என்றால் அந்தக் காசுக்கு நல்ல டயராக வாங்கிப் போடுங்கள்.

சைக்கிள் ரேஸ் என்றாலே எல்லாருக்கும் டூர் டி பிரான்ஸ்தான், அதுவும் புதுச்சேரியில் கேட்கவே வேண்டாம். மூன்று வாரத்தில் 21 கட்டம் ஓடும் அந்த ஒரு ரேஸுக்குள்ளேயே சமவெளி, மலை, டைம் ட்ரையல் எல்லாம் இருக்கிறது. இதில் கூட்டமாகப் புறப்படும் கட்டங்களில் ஏரோ பார் மாட்ட யு.சி.ஐ. (சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு) விதியே விடாது. முழங்கையைப் பேடில் ஊன்றிக் கையை முன்னால் நீட்டிவிட்டால் பிரேக் எட்டாது, ஒரு சாண் இடைவெளியில் நூறு பேர் போகும்போது ஒருத்தர் தடுமாறினால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் சரிவார்கள். கிரிட்டீரியம் இன்னும் கஷ்டம்: சின்னச் சுற்று ஒன்றையே திரும்பத் திரும்ப ஓட்டுவது. ஒயிட் டவுன் வீதிகளில் ஒன்று வைத்தால் எப்படி இருக்கும், நிமிர்ந்து உட்காருவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்! பாரிஸ்–ரூபே மாதிரி ஒருநாள் ரேஸில் கல் பாவிய ரோடே 50 கிலோமீட்டருக்கு மேல், அங்கே இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால்தான் உண்டு. மலையேற்றத்திலும் பிரயோஜனமில்லை, வேகம் குறைந்தால் காற்றுத் தடையும் குறைந்துவிடுகிறது, அரைக் கிலோ சுமைதான் மிச்சம்.

டைம் ட்ரையலில்தான் இதற்கு வேலை. ஒவ்வொருத்தராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள், முன்னால் போகிறவர் முதுகில் ஒண்டக்கூடாது, எதிர்க்காற்று முழுக்க உங்களுக்கே. 1989 டூரின் கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல்; 50 வினாடி பின்னால் இருந்த கிரெக் லெமாண்ட் ஏரோ பாரில் குனிந்து ஓட்டினார், முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோன் அது இல்லாமல், ஹெல்மெட்டும் போடாமல், போனிடெயில் பறக்க ஓட்டினார். மூன்று வாரக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் லெமாண்டுக்கு வெறும் 8 வினாடியில் வெற்றி.

நான் ஓட்டிப் பார்த்தது ஈசிஆரில், காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரை, விடிவதற்கு முன்னால். அதே மூச்சுக்கு மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறது. ஆனால் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிப் பக்கக் காற்று அடித்தால் முன்சக்கரம் தானாக நகரும், கை உடனே பழைய பிடிக்குப் போய்விட வேண்டும். கடலூர் ரோட்டில் இதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம், பஸ்ஸும் லாரியும் விடாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கிற பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. அது ரேஸ் இல்லை, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது, ஆனால் உள்ளங்கை மரத்துப் போகும்போது சாய்ந்துகொள்ள ஒரு இடம் கிடைக்கிறது.

இனி குறைகள். கிளாம்ப் 31.8 மில்லிமீட்டர் ஹேண்டில்பாருக்கானது, பழைய மெல்லிய பாருக்கு ரப்பர் பட்டை தருகிறார்கள், அது குழியில் இறங்கினால் நழுவுகிறது. உங்களுடையது கார்பன் ஹேண்டில்பார் என்றால் அதைத் தயாரித்த கம்பெனி கிளாம்ப் போட அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அலன் கீயைத் தொட வேண்டும். கூட வரும் கறுப்பு போல்ட்டுகள் நம்ம கடல் காற்றுக்குத் தாங்கவில்லை, ஒரு மழைக்காலத்துக்குள் தலையெல்லாம் துரு, அலன் கீ வழுக்குகிறது. ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டு வாங்கி, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டிய பிறகு தொல்லை இல்லை. முழங்கை பேடின் வெல்க்ரோ வியர்வையில் ஊறி ஊறிப் பிடிப்பு விட்டுவிட்டது, பேடை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று விற்றவரிடம் கேட்டால் புது செட்டுக்கு லிங்க் அனுப்புகிறார்.