போல்-ஆப்பின் பூட்டிய வீடு சேவை: எல்லையோர வீடுகளுக்கு எப்படி?

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து பழனிக்கோ கோயம்புத்தூர் கல்யாணத்துக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு, கேரள போலீஸின் மொபைல் செயலியான போல்-ஆப்பில் உருப்படியான விஷயம் இந்தப் பூட்டிய வீடு சேவைதான். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நாட்களில் போலீஸ் ரோந்து வந்து பார்த்துக்கொள்ளும். காசு கிடையாது. போகும் தேதி, திரும்பும் தேதி, முகவரி, வீடு இருக்கும் இடம், பக்கத்து வீட்டுக்காரர் அல்லது சொந்தக்காரரின் பெயர், போன் நம்பர் கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 14 நாள் கண்காணிப்பார்கள்.

சொதப்புவது இடம் குறிப்பதில்தான். தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பதிவு செய்தால், குறித்த இடம் மெயின் ரோட்டில் போய் விழும். ரோந்து வண்டி வேறு யார் வீட்டையோ பார்த்துவிட்டுப் போகும். கிளம்புவதற்கு முன்பே, வாசலில் நின்று பதிவு செய்யுங்கள். முகவரியோடு கோயில், ரேஷன் கடை, வாய்க்கால் பாலம் என ஓர் அடையாளமும் சேருங்கள். அதே கல்யாணத்துக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை!

இது ரோந்துதான், காவலுக்கு ஆள் நிற்காது. பகலிலும் எரியும் வாசல் லைட், கேட்டில் குவியும் பேப்பர் எல்லாம் ஆளில்லை என்று ஊருக்கே சொல்லிவிடும். எல்லையில் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்தால் 112 அவசர அழைப்பு அந்தப் பக்கம் போகலாம். உள்ளூர் ஸ்டேஷன் நம்பரையும் போனில் பதிந்து வையுங்கள்.