ஸ்பிரிங்கா, கேஸா, சிலிண்டரா? ஈரக்காற்று ஊருக்கு ஏற்ற ஏர் ரைஃபிள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் 'எது குறி தப்பாமல் சுடும்' என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். இப்போது வரும் நல்ல ரைஃபிள் எதுவும் 10 மீட்டரில் ஏமாற்றாது. நம் ஊர் ஈரத்தை எது தாங்கும், பழுதானால் எதை ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் ஓட்டு பழைய ஸ்பிரிங் ரைஃபிளுக்கே.

முதலில் லைசென்ஸ். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஏர் ரைஃபிளும் ஆயுதம்தான். போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. உதிரிப் பாகத்தைக்கூட இணையத்தில் ஆர்டர் போடாமல், லைசென்ஸ் உள்ள கடை வழியாகவே வாங்குங்கள். 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கிய வட்டாரம் இது. 'வெறும் காத்து துப்பாக்கிதானே' என்ற பேச்சு இங்கே எடுபடாது. செம்பனை எலிக்காக என்று காரணம் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த வேலைக்குத்தான் தோட்டங்களில் ஆந்தைக்கூடு வைக்கிறார்கள்.

சரி, ஸ்பிரிங் ரைஃபிள். குழலை மடக்கினால் ஸ்பிரிங் அமுங்கும். விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கி ஈயக்குண்டைத் தள்ளும். புதிதாக வரும்போது தொழிற்சாலைக் கிரீஸும் எண்ணெயும் உள்ளே தாராளமாக இருக்கும். நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜின் ஓடுவதும் இதே தத்துவத்தில்தான், பெயரும் 'டீசலிங்'. புகை, கருகல் வாடை, பட்டாசு மாதிரி சத்தம் எல்லாம் வரும். பயப்பட வேண்டாம், ஆனால் அந்தக் கட்டத்தில் குறிபார்க்கும் சைட்டைத் திருகவும் வேண்டாம். ஒவ்வொரு குண்டும் வேறு வேகத்தில் போகும்போது எதை வைத்துச் சரிசெய்வது? சில நூறு குண்டு போன பிறகுதான் ரைஃபிள் ஒரு நிலைக்கு வரும். முதல் குண்டுக்கு முன்பே துணித்துண்டை இழுத்துக் குழலைத் துடைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இப்படி முதல் சில நூறு குண்டு சுட்டு ரைஃபிளைப் பழக்கும் காலத்தில் கவனிக்க வேண்டியது, தோளில் வைக்கும் கட்டையைப் பிணைக்கும் ஸ்குரூ. ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் நின்றதும் முன்னால் இழுக்கும். இந்த இருபக்க உதையில் ஸ்குரூ தளர்ந்துவிடும்; குறி விலகினால் முதலில் அதைப் பாருங்கள். மலிவான டெலஸ்கோப் உடைவதும் இதனால்தான். இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் தளர்வாக ஏந்திச் சுட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் குழுவாக விழும். குண்டு இல்லாமல் சுடக் கூடாது. காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் நேராக உள்முனைச் சுவரில் போய் இடிக்கும். மடக்கிய நிலையில் விட்டுவைத்தால் ஸ்பிரிங் சோர்ந்துபோகும். காற்று போகும் துளையில் சாதாரண எண்ணெய் விடுவதுதான் பெரிய பாவம். டீசலிங் திரும்பி வந்து, பிஸ்டனில் காற்றுக் கசியாமல் அடைக்கும் 'சீல்' வளையத்தைத் தின்றுவிடும். வருஷக்கணக்கில் உழைத்த பிறகு மாற்ற வேண்டி வருவது ஸ்பிரிங்கும் சீலும்தான், விலையும் அதிகமில்லை.

கேஸ் பிஸ்டனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த வாயு. 1980களில் இங்கிலாந்தின் தியோபென் நிறுவனம் பரப்பிய முறை. அதிர்வு குறைவு, ஸ்பிரிங் விரியும்போது வரும் முறுக்கல் கிடையாது, கொஞ்ச நேரம் மடக்கியபடி இருந்தாலும் சோராது. பழக்கும் விதம் ஸ்பிரிங்குக்குச் சொன்னதுதான். ஆனால் மடக்க ஆரம்பிக்கும்போதே முழு கனமும் கைக்கு வரும். வாயு கசிந்தால் பெரும்பாலும் முழு பிஸ்டனையே மாற்ற வேண்டும். கடைக்காரரிடம் அந்த மாற்றுப் பிஸ்டன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சிலிண்டர் ரைஃபிளின் கதை வேறு. முன்கூட்டியே சிலிண்டரில் நெருக்கி அடைத்த காற்றால் சுடுவது இது. உதையே இல்லை என்று சொல்லலாம், பழக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் பந்தயத்தில் இன்று இதுதான் ராஜா. 2012 லண்டனில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட நம் நாட்டு நூர் சூர்யானி தைபி பங்கெடுத்ததும் இந்தப் பந்தயத்தில்தான்.

சிக்கல் காற்றை நிரப்புவதில் வருகிறது. சிலிண்டருக்கு 200 பார் அளவு அழுத்தம் வேண்டும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. மோட்டார் பட்டறை கம்ப்ரெசர் அதன் பக்கத்தில்கூட வராது. கை பம்ப் போட்டால், சாயங்கால மழைக்குப் பிறகு நாம் மூச்சில் இழுக்கும் அதே ஈரக்காற்றைத்தான் 200 மடங்கு நெருக்குகிறோம். நெருக்கிய காற்று ஈரத்தைத் தாங்காது, தண்ணீராக விட்டுவிடும். அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் வால்விலும் தங்கி அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. உலர்த்தும் ஃபில்டர் உள்ள பம்ப், நடுநடுவே நிறுத்திச் சூடு ஆறவிடுவது, பம்பில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவது, இந்த மூன்றும் இல்லாமல் இங்கே சிலிண்டர் வாங்காதீர்கள். ஸ்கூபா டைவிங் கடையில் நிரப்பினால் உலர்ந்த காற்று கிடைக்கும், ஆனால் நம் ஊரில் கடலுக்கு எங்கே போவது? காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும். சாதாரண எண்ணெய் உயர் அழுத்தத்தில் தீப்பற்றும். ஆக்சிஜனை நிரப்பவே கூடாது, வெடிக்கும். சிலிண்டரில் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைத்திருந்தால் சீல்கள் தம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பந்தயத்துக்குப் போகிறவர் சிலிண்டரில் அச்சடித்த தேதியையும் பார்க்க வேண்டும்; 10 வருஷம் தாண்டினால் மேடையில் ஏற்கமாட்டார்கள். கிளப்பில் சேர்ந்து ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்கு இத்தனை பாடும் தகும். மற்றவருக்கு வீண் செலவு.

வெளித்துரு விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான். வியர்வைக் கை பட்ட கருப்பு எஃகில் இரண்டொரு நாளில் விரல் ரேகையே துருவாகிவிடும். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த பையிலேயே மாதக்கணக்கில் விடாதீர்கள், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் அந்த ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ரைஃபிளுக்கல்ல, உங்களுக்கு. குண்டு டின்னில் இருப்பது ஈயம், கையில் ஒட்டும். சோற்றில் கை வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.