படிக்கும் தம்பதிக்குக் கூகுள் காலண்டர் எந்த அளவு உதவும்?

ஒருவர் பிஎச்டி, மற்றவர் முதுகலை. அல்லது இருவருமே ஆய்வு மாணவர்கள். அதற்கு மேல் தினசரி வழிபாடு, வாரம் ஒருமுறை கூட்டு வழிபாடு, சமையல், துணி, வீட்டைப் பெருக்குவது. இப்படிப்பட்ட வீட்டில் சண்டைக்கு விதை போடுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: மற்றவர் எப்போது கைக்குக் கிடைப்பார் என்று தெரியாமல் இருப்பது. ஆய்வுப் படிப்புக்குப் பள்ளிக்கூட மணி கிடையாது. லேபில் ஒரு சோதனை இழுத்துக்கொண்டே போகும், கைடு மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவார், வகுப்பெடுக்கும் பொறுப்பிருந்தால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கே வந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு இலவசமாகக் கிடைக்கும் கூகுள் காலண்டரே போதும். ஆனால் திறந்தவுடன் கிடைக்கும் அமைப்பிலேயே விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் இருவரும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து அமைத்தால்தான் இது நிற்கும்.

முதலில், எந்தக் கணக்கில் தொடங்குவது? பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கில் வேண்டவே வேண்டாம். அந்தக் கணக்கை நிர்வகிப்பவர்கள் வெளியாட்களுடன் பகிர்வதைக் கட்டுப்படுத்தியிருந்தால், துணைவருக்கு "பிஸி" என்ற பட்டை மட்டுமே தெரியும், விவரம் தெரியாது. படிப்பு முடிந்தபின் கணக்கை மூடினால் அதில் போட்டு வைத்ததெல்லாம் போய்விடும். ஆகவே ஒருவருடைய சொந்த ஜிமெயில் கணக்கில், கணினி உலாவி வழியாக, "வீடு" என்று ஒரு தனி காலண்டரை உருவாக்குங்கள். அதன் செட்டிங்ஸில் பகிர்வுப் பகுதிக்குப் போய், துணைவரின் சொந்த முகவரி, இருவருடைய பல்கலைக்கழக முகவரிகள் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம்.

குடும்பத்தாரின் கணக்குகளை ஒன்றாக இணைக்கும் கூகுள் ஃபேமிலி குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு குடும்பக் காலண்டர் தானாகவே வந்திருக்கும். வசதியாகத் தோன்றினாலும் அதைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் குழுவில் ஆறு பேர் வரை இருக்கலாம். பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ அதில் இருந்தால், மருத்துவரைப் பார்க்கப் போவது உட்பட அந்தக் காலண்டரில் போடும் எல்லாமே அவர்கள் கண்ணிலும் படும்.

பகிரும்போது அனுமதியில் நான்கு நிலைகள் உண்டு: ஓய்வா பிஸியா என்று மட்டும் பார்ப்பது, எல்லா விவரமும் பார்ப்பது, நிகழ்வுகளை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. "வீடு" காலண்டருக்கு இருவருக்கும் கடைசி நிலையைக் கொடுக்க வேண்டும். ஒருவர் எழுத மற்றவர் வாசிக்க மட்டுமே முடிகிற காலண்டரில், வீட்டு நிர்வாகம் மெல்ல மெல்ல ஒரே ஆளின் தலையில் ஏறிவிடும். அவரவர் படிப்புக் காலண்டருக்கு "எல்லா விவரமும் பார்ப்பது" போதும். மாற்றும் அனுமதி இருந்தால், "பிரைவேட்" என்று குறித்த நிகழ்வையும் துணைவர் முழுதாகப் பார்க்க முடியும். பிறந்தநாள் ஏற்பாட்டை ரகசியமாக வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

அறிவிப்பில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பகிர்ந்த காலண்டரில் நீங்கள் வைக்கும் அறிவிப்பு உங்கள் போனில் மட்டுமே ஒலிக்கும், துணைவருடையதில் ஒலிக்காது. கணவர் "அரை மணி முன்னால் நினைவூட்டு" என்று வைத்துவிட்டு, மனைவிக்கும் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார். இருவரும் தங்கள் தங்கள் கணக்கில் "வீடு" காலண்டரின் செட்டிங்ஸைத் திறந்து தனித்தனியே இயல்பு அறிவிப்பை வைக்க வேண்டும். முழுநாள் நிகழ்வுகளுக்கு அங்கேயே இன்னொரு பகுதி இருக்கிறது, அதையும் விடக் கூடாது. அதே பக்கத்தில் தினசரி நிரலை மின்னஞ்சலாக அனுப்பும் வசதியும் உண்டு. காலை 5 மணிக்கு வந்துவிடும். அதிகாலையில் எழுந்து வழிபடுபவர்களுக்கு இது பொருத்தமான நேரம். நிறமும் அவரவர் கணக்குக்கு உரியது. உங்களுக்குப் பச்சையாகத் தெரியும் காலண்டர் அவருக்கு ஊதாவாக இருக்கலாம் என்பதால், நிறத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிப் பேசுவதே சரி.

அடுத்து படிப்பு. கேன்வாஸ், மூடுல் போன்ற பாடத் தளங்கள் காலண்டர் முகவரி ஒன்றைத் தரும். அதை நகலெடுத்து, கூகுள் காலண்டரில் "ஃப்ரம் யூஆர்எல்" என்ற இடத்தில் ஒட்டினால் ஒப்படைப்புத் தேதிகள் தாமாக வந்து சேரும். ஆனால் உடனுக்குடன் வராது. பேராசிரியர் இன்று மதியம் தேதியை மாற்றினால் அது இங்கே தெரிய பல மணி நேரம் ஆகும், ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆகலாம். கேன்வாஸ் தரும் முகவரியில் கடந்த 30 நாளும் அடுத்த 366 நாளும் மட்டுமே இருக்கும், பழைய தேதிகள் உதிர்ந்துகொண்டே வரும். அந்த முகவரி யாரிடம் இருந்தாலும் அதிலுள்ளதைப் பார்க்க முடியும் என்பதால் குழு அரட்டையில் பகிர வேண்டாம். இப்படி வரும் தேதிகளை ஆராயாமல் "வீடு" காலண்டருக்குள் கொட்டுவதும் தவறு. வாராந்தர வாசிப்புக் குறிப்புக்கான கெடு துணைவருக்கு எதற்கு? இருவருக்கும் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான்: தகுதித் தேர்வு, தீசிஸ் அத்தியாயம் கொடுக்கும் நாள், மாநாட்டுப் பயணம், விடைத்தாள் திருத்தும் வாரம்.

அந்த வாரத்தைப் பதிவதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. முழுநாள் நிகழ்வை உருவாக்கினால் கூகுள் அதை இயல்பாகவே "ஃப்ரீ" என்றுதான் குறித்துக்கொள்ளும். திங்கள் முதல் வெள்ளி வரை "தேர்வுத்தாள் திருத்தம்" என்று நீளப் பட்டை போட்டிருப்பீர்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்ப்பவருக்கோ ஐந்து நாளும் காலியாகத் தெரியும். நிகழ்வைத் திறந்து "பிஸி" என்று கையால் மாற்றினால்தான் உண்டு. கெடு நாளை மட்டும் பதிவதிலும் பயனில்லை. வீட்டைப் பாதிப்பது கெடுவுக்கு முந்தைய ஐந்தாறு நாள்கள்தான், அவற்றைப் பதியுங்கள். செமஸ்டர் வகுப்புகளுக்கு வாராந்தரத் தொடர் வைக்கும்போது முடிவுத் தேதி கொடுக்கத் தவறினால், விடுமுறையிலும் அந்த வகுப்பு காலண்டரில் வந்து நிற்கும்.

மாநாட்டுக் கட்டுரைகளுக்கு "ஏஓஇ" என்று கெடு கொடுப்பார்கள். பூமியில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தேதி இன்னும் முடியாமல் இருக்கும் வரை கெடு உண்டு என்று பொருள். யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு 12 மணி பின்தங்கிய மண்டலம் அது. அதில் இரவு 23:59 என்றால், யுடிசி கணக்கில் மறுநாள் பகல் 11:59. நிகழ்வை யுடிசி மண்டலத்தில் அந்த நேரத்துக்குப் பதிந்துவிட்டால், உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் வேலையைக் காலண்டரே பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கு தவறினால், குடும்பமாக வழிபடப் போக வேண்டிய நேரத்தில் ஒருவர் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

இனி வழிபாடு. இந்தக் கருவியின் பெரிய பலவீனம் தெரிவது இங்கேதான். கடிகார நேரத்தில் நடக்கும் வாராந்தரக் கூட்டு வழிபாடு என்றால் சிக்கலே இல்லை, ஒரு தொடர் நிகழ்வு போதும். சூரியனைப் பின்பற்றும் வேளைகளுக்கு இதில் வழியில்லை. "தினமும் சூரியன் மறையும்போது" என்று ஒரு தொடரை வைக்கவே முடியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வசித்தால் மறையும் நேரம் ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. நடு அட்சரேகைப் பகுதிகளில், பகலும் இரவும் சமமாகும் நாள்களையொட்டி, அது ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நகரும். நான்கு வாரத்தில் முக்கால் மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அதோடு ஒரு மணி நேரம் ஒரேயடியாகத் தாவும். செப்டம்பரில் வைத்த மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) நினைவூட்டல் அக்டோபர் இறுதியில் பொருளற்றுப் போவது இதனால்தான்.

இதற்கு வெளியிலிருந்து ஒரு காலண்டர் முகவரியை இணைப்பதுதான் தீர்வு. யூதர்களின் சப்பாத் (வார ஓய்வு நாள்) விளக்கேற்றும் நேரத்தை ஊர் வாரியாகக் கணக்கிட்டு ஹெப்கால் என்ற இணையதளம் இப்படித் தருகிறது. தொழுகை நேரங்களுக்கும் இதே முறையில் இயங்கும் சேவைகள் உண்டு. எதைச் சேர்த்தாலும் முதல் வாரம் உங்கள் வழிபாட்டுத் தலம் அறிவிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடியற்காலைத் தொழுகையையும் இரவுத் தொழுகையையும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எந்தப் பாகை என்பதில் அமைப்புக்கு அமைப்பு வேறுபாடு உண்டு, அதனால் நிமிடங்களும் வேறுபடும்.

சந்திர நாள்காட்டியிலும் இதே கதைதான். ஹிஜ்ரி (இஸ்லாமிய), எபிரேய (யூத) நாள்காட்டிகளைத் துணை நாள்காட்டியாகக் காட்டும் வசதி கூகுளில் இருக்கிறது. ஆனால் தேதியைக் காட்டுவதோடு சரி, அந்தத் தேதியைக் கொண்டு தொடர் வைக்க முடியாது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஈஸ்டரும் ஒரே தேதியில் நிற்காது, மேற்கத்திய திருச்சபைகளில் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். "ஆண்டுதோறும்" என்று தொடர் வைத்தால் அடுத்த வருடமே பொய்க்கும். இவற்றை ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கையால் பதிவதே பாதுகாப்பானது. பிறை பார்த்து முடிவாகும் நாள்களுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் இடம் விட்டு, அந்த மூன்று நாளிலும் தேர்வோ சோதனையோ வராமல் இப்போதே கைடிடம் பேசிவிடலாம். நோன்பு மாதம் முழுவதற்கும் மேலே ஒரு நீளப் பட்டை போட்டு வைத்தால், இரவெல்லாம் லேபில் நிற்க வேண்டிய சோதனையை அந்த மாதத்தில் ஏற்கலாமா என்று இருவரும் முன்கூட்டியே யோசிக்க முடியும்.

இன்னொரு நுணுக்கம். வழிபாட்டு நேரத்தை "வீடு" காலண்டரில் மட்டும் போட்டால் லேபில் உள்ளவர்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்கள் பல்கலைக்கழக முகவரியைப் போட்டு நேரம் தேடும்போது, அந்தக் கணக்கின் முதன்மைக் காலண்டர்தான் அவர்களுக்குக் காட்டப்படும். எனவே அங்கேயும் அதே நேரத்தில் விவரமில்லாமல் ஒரு "பிஸி" பட்டை வேண்டும். இது ஒன்றைச் செய்தாலே வெள்ளி மதியத்திலோ ஞாயிறு காலையிலோ வந்து விழும் கூட்டங்கள் பாதி குறையும். வேலைக்கு நடுவே இறைவனுக்கென்று ஒதுக்கிய நேரத்தை நாமே பாதுகாக்காவிட்டால், நமக்காக வேறு யாரும் பாதுகாக்க மாட்டார்கள்.

இருவரும் சேர்ந்து செய்யும் தினசரிப் பிரார்த்தனைக்கு 15 நிமிடம் போதும், ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். இரவு பத்து மணிக்கு வைத்தால் ஆய்வு வேலை அதைத் தின்றுவிடும். காலையில் மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன் வைத்தால் நிலைக்கும்.

வீட்டு வேலைகளைப் பொறுத்தவரை இது அரைகுறை. செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் கூகுள் டாஸ்க்ஸில் எழுதுவது எழுதியவருடைய கணக்கில் மட்டுமே தெரியும், துணைவரின் காலண்டரில் தென்படாது. "வாடகை கட்ட வேண்டும்" என்று டாஸ்க்காக எழுதிவிட்டு, அவர் பார்த்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். கெடுவுள்ள வேலையை "வீடு" காலண்டரில் நிகழ்வாகப் போட்டு, தலைப்பின் தொடக்கத்தில் செய்ய வேண்டியவர் பெயரை எழுதுங்கள். வாங்க வேண்டிய பொருள்களுக்கு கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஐபோனில் ஆப்பிளின் காலண்டர் செயலி வழியாகப் பார்ப்பவர்களுக்குப் பகிர்ந்த காலண்டர் தெரியாமல் போகலாம். உலாவியில் கூகுள் காலண்டரின் சிங்க்செலக்ட் பக்கத்துக்குப் போய் அதில் டிக் செய்தால் வந்துவிடும். யாராவது ஒரு நிகழ்வைத் தவறுதலாக அழித்துவிட்டால் அது 30 நாள் டிராஷில் இருக்கும், மீட்கலாம். பகிர்ந்த காலண்டரில் ஒருவர் அழித்தால் இருவருக்கும் போகும். அழைப்பாக வந்த நிகழ்வை விருந்தினர் அழித்தால் அவருடைய காலண்டரில் மட்டும்தான் போகும்.

இருவரும் ஆப்பிள் சாதனங்களையே பயன்படுத்தினால் ஐகிளவுட் காலண்டரும் பகிர்வை நன்றாகச் செய்கிறது. நிகழ்வுக்குக் கீழேயே பேசிக்கொள்ள விரும்புபவர்களுக்கு டைம்ட்ரீ என்ற பகிர்வுக் காலண்டர் செயலி பிடிக்கும். ஆனால் பாடத் தளம், கைடின் அழைப்பு, வீடு மூன்றும் ஒரே திரையில் வேண்டும் என்றால் கூகுளை விட்டுப் போகத் தேவையில்லை. ஒருவர் மட்டும் படிக்கிறார், மற்றவருக்கு மாறாத வேலை நேரம் என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம்: "வீடு" காலண்டரும், சரியாக வைத்த அறிவிப்பும் போதும்.