பெர்லினில் 100ஆம் எண் பேருந்து: மாணவர்களுக்கேற்ற நகர்வலம்

கல்விப் பருவத்தின் கடைசி வாரங்களில், தேர்வுகளுக்கும் ஒப்படைக்க வேண்டிய கட்டுரைகளுக்கும் நடுவே பெர்லினைச் சுற்றிப் பார்க்க நினைக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, சுற்றுலா நிறுவனங்களின் திறந்த மாடிப் பேருந்துகளைவிட நகரப் போக்குவரத்தின் 100ஆம் எண் பேருந்தையே நான் பரிந்துரைப்பேன். பல்கலைக்கழகக் கட்டணத்தோடு சேர்த்து வழங்கப்படும் பருவப் பயணச்சீட்டு கையில் இருந்தால், தனியாக ஒரு காசும் செலவில்லை.

பெர்லின் சுவர் விழுந்த மறு ஆண்டான 1990இல், நகரின் மேற்கையும் கிழக்கையும் இணைத்துத் தொடங்கப்பட்ட தடம் இது. விலங்கியல் பூங்கா ரயில் நிலையத்தில் புறப்பட்டு, வெற்றித் தூண், குடியரசுத் தலைவரின் பெல்வியூ மாளிகை, நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாயில் ஆகியவற்றின் அருகே சென்று, உண்டர் டென் லிண்டன் சாலை வழியே அருங்காட்சியகத் தீவைத் தொட்டு, அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் முடிகிறது. இந்த இரட்டை மாடிப் பேருந்தின் மேல்மாடியில் முன்வரிசை இருக்கை கிடைத்துவிட்டால், டியர்கார்டன் பூங்காவின் மரக்கிளைகள் கண்ணாடியை உரசுவதுபோல் வந்து விலக, தூணின் உச்சியில் நிற்கும் பொன்னிற விக்டோரியா சிலை மெல்ல மெல்லப் பெரிதாவதைக் காணலாம். அந்த இருக்கைக்குப் போட்டி அதிகம் என்பதால், முதல் நிறுத்தத்திலேயே ஏறிவிடுவது நல்லது.

வழிகாட்டியின் விளக்கவுரை கிடையாது. நிறுத்தங்களின் பெயர்கள் மட்டுமே அறிவிக்கப்படும். முன்பே கொஞ்சம் படித்துவிட்டு ஏறாதவர்களுக்குப் பாதிக் காட்சிகள் வெறும் கட்டடங்களாகவே தெரியும். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த நாடாளுமன்றக் கண்ணாடிக் குவிமாடத்துக்கு அனுமதி இலவசம் என்றாலும், முன்பதிவும் பாஸ்போர்ட்டும் தேவை. தேர்வு அட்டவணை வந்தவுடனேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.