கிளார்க் டின் விசில்: மூன்று மாய மெட்டுகளுக்குத் தாங்குமா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் புல்லாங்குழல் பழகுகிறவர்களுக்கு ஐரிஷ் மெட்டு வாசிக்க ஆசை வந்தால், 1843-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கிளார்க் நிறுவனத்தின் 'ஒரிஜினல்' டி விசிலை வாங்கலாம். நம் கணக்கில் 2 கட்டை. தகரத்தைக் கூம்பாகச் சுருட்டி, வாய்ப்பக்கம் மரக்கட்டை வைத்து அடைத்த குழல். துளை ஆறு. எல்லாம் மூடினால் ஸட்ஜம், கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணம்.

முதலில் 'கிங் ஆஃப் த ஃபேரீஸ்' வாசித்துப் பாருங்கள். ஒரே இரவில் அடுத்தடுத்து மூன்று தடவை வாசித்தால் ஃபேரி அரசன் வந்தே தீருவான், மனம் கோணினால் வம்பு செய்வான் என்பது அயர்லாந்து நம்பிக்கை. இறகு முளைத்த பொம்மைகள் அல்ல இந்த ஃபேரிகள். மண்மேட்டுக்கு அடியில் குடியிருப்பவர்கள். நம் பாலமரத்து யட்சிக்குத்தான் நெருக்கம். பாட்டுக்குத் தெய்வம் இறங்குவது நமக்கும் தெரிந்ததே: நாகங்களுக்கான சர்ப்பம் துள்ளலில் புள்ளுவன் குடம் என்ற பானை வாத்தியத்தின் அடி ஏற ஏறத்தானே கமுகம்பூக்குலை பிடித்த பெண்கள் துள்ளி, பொடியால் வரைந்த சர்ப்பக்களத்தை அழிக்கிறார்கள்! விசிலில் ரிஷபத்தை ஆதாரமாகப் பிடித்தால் கரகரப்பிரியா கிடைக்கும். இந்த மெட்டு உட்காருவது அங்கேதான். மேல் ஸ்தாயிக்கு விரல் மாற வேண்டாம், மூச்சை இறுக்கினால் போதும். காற்று கலந்த கிளார்க்கின் நாதம் இதற்கு அவ்வளவு பொருத்தம்.

'த கோல்ட் ரிங்' 6/8 தாளத்தில் வரும் ஜிக் என்ற ஆட்ட மெட்டு. ஃபேரிகள் தொலைத்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு அவர்கள் பரிசாகத் தந்த மெட்டாம். இங்கே தவறு குழலில் இல்லை, நம் விரலில். கமகப் பழக்கத்தில் ஸ்வரத்தை இழுத்தால் ஆட்டத்தின் துள்ளல் செத்துப்போகும். மேல்விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி வைப்பது 'கட்', கீழ்விரலால் ஒரு தட்டு 'டேப்'. ஸ்வரம், கட், ஸ்வரம், டேப், ஸ்வரம் சேர்ந்தால் 'ரோல்'. மெதுவாகத் திஸ்ரத்தில் எண்ணிப் பழகுங்கள்.

'போர்ட் ந பூக்கி' ஆட்டத்துக்கானது அல்ல, நிதானமான மெட்டு. அயர்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய பிளாஸ்கெட் தீவுக்காரர்கள் இரவில் கடல் பக்கமிருந்து கேட்டு, ஆவிகளுடையது என்று நம்பியது. கித்தான் படகின் அடிவழியே வந்த திமிங்கிலத்தின் குரலாக இருக்கலாம் என்றும் சொல்வார்கள். இதில் கிளார்க் தோற்கிறது. காற்றை வாரிக் குடிக்கும். நீண்ட வரி பாதியில் அறும். ஊதுவழியின் (மரக்கட்டைக்கு மேல் காற்று போகும் இடுக்கின்) மேல்தகரத்தைக் கட்டைவிரலால் மயிரிழை அளவு அழுத்தினால் காற்று மிச்சமாகும். அழுத்தம் கூடினால் குரல் அடைத்துவிடும்.

மழைக்காலத்தில் மரக்கட்டை ஊறி ஊதுவழி குறுகும், குரல் கம்மும். ஒருபோதும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். எச்சில் அடைத்தால் வாய்க்குக் கீழுள்ள பெரிய திறப்பை விரலால் மூடி ஒருமுறை பலமாக ஊதுங்கள். வாசித்ததும் உதறி, நிழலில் காயவிட்டுப் பிறகு உறையில் போடுங்கள்.