உறைந்த ராஸ்ப்பெர்ரி பாக்கெட்: காக்டெய்லுக்கு இதைத்தான் வாங்கணும்

புதுச்சேரியில் ராஸ்ப்பெர்ரி மூன்று வடிவில் கிடைக்கிறது: சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் புதுப்பழம், ஃப்ரீசரில் உறைந்த பாக்கெட், பாட்டிலில் கிரஷ் அல்லது சிரப். பானம் கலக்க என்றால் தயங்காமல் உறைந்த பாக்கெட்டை எடுங்கள்.

புதுப்பழம் பார்க்க அழகுதான். ஆனால் பறிக்கும்போது இதன் நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடுவதால் பழம் உள்ளே வெற்றுக் குழியாக இருக்கும். லேசாக அழுத்தினாலே நசுங்கும். கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஓரிரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அந்த விலைக்கு, தம்ளர் ஓரத்தில் அலங்காரமாகச் செருகத்தான் அது சரி.

உறைந்த பழத்தில் இன்னொரு லாபம் உண்டு. உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் பழத்தின் செல்சுவர்களைக் கிழித்துவிடும். அதனால் உருகியதும் சாறு தானாக வெளியே வரும். தட்டில் வைத்துச் சாப்பிட இது குறை, நமக்கோ பாதி வேலை முடிந்த மாதிரி.

கடையில் பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். பழங்கள் தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக இருந்தால், உள்ளே சிவப்புப் பனி படிந்திருந்தால், நடுவில் எங்கோ கரண்ட் போய் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வேண்டாம். நேரு வீதி நெரிசலைத் தாண்டி வீடு போக வேண்டியவர்கள் தெர்மாகோல் பெட்டியோ ஐஸ் பையோ கொண்டு போவது அவசியம்.

கிரஷ் பாட்டிலில் இந்திய விதிப்படி பழம் குறைந்தது 25 சதவீதம் இருந்தால் போதும். மீதி பெரும்பாலும் சர்க்கரையும் தண்ணீரும். லேபிளில் 122 அல்லது 124 என்ற எண் இருந்தால் அந்தச் சிவப்பு செயற்கை நிறம். அதை ஜின்னோடு கலந்தால் இருமல் மருந்து வாடைதான் மேலே நிற்கும். காக்டெய்லுக்கென்றே சிரப் தயாரிக்கும் நிறுவனங்களின் பாட்டில் இதைவிட மேல். 1912இல் பிரான்சின் பூர்ழ் நகரில் தொடங்கிய மோனின் போன்றவற்றில் பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறாது, பார் நடத்துபவர்களுக்கு அது பெரிய வசதி. வீட்டில் கலக்குபவர்களுக்குப் பழத்தின் புளிப்பு முக்கியம், அது வீட்டுச் சிரப்பில்தான் முழுசாக வரும்.

அதற்கு 250 கிராம் உறைந்த பழம், 250 கிராம் சர்க்கரை. இரண்டையும் கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து மூடி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காலையில் சாறு ஊறி நிற்கும். சர்க்கரை கரையும் வரை மட்டும் சின்னத் தீயில் சூடாக்கணும். கொதித்தால் பழவாசம் பறந்து ஜாம் வாசனை வந்துவிடும். பிறகு நைஸ் வடிகட்டியில் தானாக வடிய விடுங்கள். கரண்டியால் அழுத்தினால் கலங்கும், விதை உடைய மிக்ஸியில் அடித்தால் துவர்ப்பும் கசப்பும் இறங்கும். சுமார் 300 மில்லி கிடைக்கும், அதாவது இருபது பானத்துக்கு. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும்.

இந்தச் சிரப்பின் தரத்தைக் காட்டும் பானம் கிளோவர் கிளப். பிலடெல்பியாவில் அதே பெயரில் இருந்த ஒரு சங்கத்திலிருந்து வந்தது. ஜின் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 15, சிரப் 15, கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி குலுக்கி, பிறகு ஐஸ் போட்டுக் கை உறையும் வரை குலுக்கி, இரண்டு வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். நுரை எழும்பவில்லையா? வெள்ளைக்கருவில் மஞ்சள் கலந்திருக்கும், அல்லது ஷேக்கரில் எண்ணெய்ப் பிசுக்கு. பச்சை முட்டை என்பதால் புதுசாக, ஓடு கீறாததாக எடுங்கள். நம்ம ஊர் எலுமிச்சையைப் பிழிந்து வைத்தால் கசப்பு ஏறும். கலக்கும் நேரத்தில் பிழியுங்கள்.

நிறம் மங்கி நீலம் கலந்த சாம்பலாகிறது என்று பலரும் சிரப்பைக் குறை சொல்வார்கள். சிரப் குற்றமில்லை. ராஸ்ப்பெர்ரிக்குச் சிவப்பு தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில்தான் பளிச்சென்று நிற்கும். போர் தண்ணீரின் காரத்தன்மையில் அது மங்கும். ஐஸை கேன் தண்ணீரில் உறைய வையுங்கள், சோடாவில் கலப்பதென்றால் எலுமிச்சையைக் குறைக்காதீர்கள். ஐஸ் ஃப்ரீசரிலிருந்து நேராக வரணும். வெளியே வைத்து வேர்த்த ஐஸ் பானத்தை நீர்த்துவிடும்.

மது வேண்டாதவர்களுக்கு சிரப் 25 மில்லி, எலுமிச்சை 20, இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன், கல் உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைத் தம்ளரில் முதலில் கலக்கி, ஐஸ் போட்டு, கடைசியில் கோலி சோடா 150 மில்லியை ஓரமாக ஊற்றி ஒரே ஒரு முறை கிண்டுங்கள். சோடாவை முதலில் ஊற்றினால் சிரப் அடியில் தங்கும், கிண்டக் கிண்ட காஸ் போய்விடும். பன்னீர் சோடா இதற்கு ஒத்துவராது, ரோஜா வாசம் பழத்தை மூடிவிடும். பாலில் மட்டும் இந்தச் சிரப்பை ஊற்றாதீர்கள், திரிந்துவிடும்.

வடிகட்டியில் தங்கிய திப்பியை எறிய வேண்டாம். 100 மில்லி ஓட்காவில் இரண்டு நாள் ஊற வைத்து வடிகட்டினால் இளஞ்சிவப்பு ஓட்கா தயார். பாக்கெட்டில் உருகிப்போன மிச்சப் பழத்தை மறுபடி ஃப்ரீசரில் வைக்காமல் அன்றே சர்க்கரையில் போட்டுவிடுங்கள்.